இந்த வீட்டை இடிக்கக் கையெழுத்துப் போட மாட்டேன்

கதிர்,

போனில் சொன்னால் பாதியிலேயே "சரிமா, மீட்டிங் இருக்கு" என்பாய். வாட்ஸப்பில் எழுதினால் கட்டைவிரல் படம் ஒன்று வரும், அதோடு முடிந்தது. அதனால்தான் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கோடு போட்ட தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உன் கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. நீ இந்த வீட்டு வாசலை மிதித்து இரண்டரை மாதம் ஆகிறது. நீ இருக்கிற ஜொகூர் பாருவிலிருந்து இந்த லாயாங் லாயாங்குக்கு வருவதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. நீ ஏன் வரவில்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் சமாதானம் பேசுவதற்காக இதை எழுதவில்லை. என் பக்கத்து நியாயத்தை எழுதுகிறேன், நடுவில் உனக்குத் தெரியாத ஒன்றையும் எழுதுகிறேன். கடைசி வரை படி.

கடைசியாக வந்த அன்று நீ கையில் டேப்லட்டோடு வந்தாய். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விரலால் தள்ளித் தள்ளிக் காட்டினாய். நம் ஒற்றை மாடி வரிசை வீடு இருந்த இடத்தில், சாம்பல் நிறத்தில் ஓர் இரட்டை மாடி. திறக்கவே தேவையில்லாத கண்ணாடி ஜன்னல்கள், இரண்டு அடுக்குக் கண்ணாடி. ஐந்து ஏர்கோன். கூரை முழுக்க சூரிய மின்தகடு. "வர்ற கரண்டும் போற கரண்டும் சமம்மா. பில்லு சைபர். புகையும் சைபர். இந்தத் தாமான்லயே, இத்தன வரிசை வீட்டுலயே, இப்படி ஒரு வீடு இல்ல" என்றாய். உன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் பார்க்காமல் இல்லை. சிங்கப்பூரில் பெரிய பெரிய கட்டடங்களுக்கு மின்சாரம் மிச்சம் பிடித்துத் தருகிற பொறியாளர் என் மகன். அம்மா வீட்டுக்கும் அதைச் செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டாய். அது எனக்குப் புரிந்தது. கல்யாணம் முடிந்த கையோடு வேலையைத் தொடங்க வேண்டும், நகராண்மையில் கொடுக்க வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டும் என்று தாளை நீட்டினாய். வீடு என் பெயரில் இருக்கிறது.

நான் மூன்று கேள்விதான் கேட்டேன். இடிக்கிற கல்லும் மண்ணும் எங்கே போகும் என்று கேட்டேன். "அதெல்லாம் காண்ட்ராக்டர் பாத்துக்குவான்மா" என்றாய். அவன் எங்கே பார்த்துக்கொள்வான் என்று எனக்குத் தெரியும். செம்பனைத் தோட்டத்து மண்பாதை ஓரத்தில் லோரி லோரியாகக் கொட்டிக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டுதான் நான் கடைக்குப் போகிறேன். புதுச் சிமெண்டும் இரும்பும் கண்ணாடியும் செய்வதற்கு எவ்வளவு புகை போகும், அந்தப் புகையை உன் புது வீடு மிச்சம் பிடித்து அடைக்க எத்தனை வருஷம் ஆகும் என்று கேட்டேன். "அத நாங்க கணக்குல சேக்க மாட்டோம்மா. பில்டிங் ஓட ஆரம்பிச்ச பொறவு உள்ளதுதான் எங்க வேல" என்றாய். நீ பொய் சொல்லாததற்கு உன்னை மெச்சுகிறேன். மூன்றாவதாக, கரண்டு போனால் இந்த வீட்டுக்குள் எப்படி இருப்பது என்று கேட்டேன். நீ சிரித்தாய். "இப்பல்லாம் யாருமா கரண்டு போறத பத்தி யோசிக்கிறா?" என்றாய். நான் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். அப்போதுதான் நீ அதைச் சொன்னாய். "நீங்க லைன்ல ஸ்க்ரூ முடுக்குனவங்கம்மா. இது வேற. உங்களுக்குப் புரியாது."

நீ கோபத்தில் சொன்னாய் என்று வைத்துக்கொள்கிறேன். ஆனால் எனக்குப் புரியாது என்று சொன்னது தப்பு, அதைச் சொல்லிவிடுகிறேன். இருபத்தாறு வருஷம் விடியற்காலையில் ஃபேக்டரி பஸ் ஏறி ஏர்கோன் செய்கிற இடத்துக்குப் போனவள் நான். ஸ்க்ரூவும் முடுக்கினேன், குழாயும் பற்றவைத்தேன், வாயுவும் நிரப்பினேன். ஓர் ஏர்கோனுக்குள் இருக்கிற அந்த வாயு வெளியே போனால் சாதாரணப் புகையைவிடப் பல மடங்கு வானத்தைச் சூடாக்கும் என்று பின்னாளில் ஒரு வகுப்பு வைத்துச் சொன்னார்கள். அதற்கு முன்பு யாரும் சொல்லவில்லை. சரியில்லாத பெட்டி திரும்பி வந்தால் குழாயைத் திறந்து விட்டுவிடுவோம். 'உஸ்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், அடுத்த பெட்டி. எத்தனை பெட்டியை அப்படித் திறந்துவிட்டேன் என்று எனக்கே தெரியாது. என் கை செய்த வேலை அது. படிக்காததால் புரியவில்லை என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். படித்துச் சொன்ன பிறகும் சில பேர் திறந்துவிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். அதையும் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

இந்த வீட்டைக் கெடுத்ததும் நான்தான். நாம் இங்கே குடிவந்தபோது உனக்கு நாலு வயது. ஒவ்வொரு ஜன்னலுக்கு மேலும் ஓட்டை வைத்த சிமெண்டுக் கல் இரண்டு வரிசை இருந்தது. ஜன்னலில் சாய்த்துத் திறக்கிற கண்ணாடிப் பட்டைகள். முன்னால் கொஞ்சம் புல்தரை. ஃபேக்டரியில் வேலைக்காரர்களுக்குக் குறைந்த விலையில் ஏர்கோன் கொடுத்தார்கள். நான் செய்த சாமான் என் வீட்டில் ஓட வேண்டும் என்று எனக்கு ஒரே பெருமை. குளிர் வெளியே போகக் கூடாது என்று அந்தக் கல் ஓட்டைகளை எல்லாம் உன் அப்பாவை வைத்துப் பூசி அடைத்தேன். பட்டைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முழுக் கண்ணாடி பொருத்தினேன். செம்பனைக் குலை ஏற்றுகிற லோரியை ஓட்டிவிட்டு வந்த மனுஷன், ஞாயிற்றுக்கிழமையெல்லாம் பூச்சுக்கரண்டியோடு நின்றார். "காத்து வர்ற வழிய எல்லாம் அடைக்கிறியே" என்று ஒரு தடவை சொன்னார். "காத்துல தூசி வருதுங்க" என்று சொல்லி அவர் வாயையும் அடைத்தேன். அப்புறம் புல்தரைக்கும் சிமெண்டு போட்டு, முன்னால் பிளாஸ்டிக் கூரையும் போட்டோம். வெயில் முழுக்க அதில் விழுந்து வீட்டுக்குள் திரும்பியது. சூடு ஏற ஏற இன்னொரு ஏர்கோன் வாங்கினேன்.

இனி எழுதுவது உனக்குத் தெரியாதது. உன் அப்பாவுக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்த பிறகு, அவர் முன் அறையில் படுத்திருந்தார் என்று உனக்குத் தெரியும். நீ அப்போது சிங்கப்பூரில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாய். நான் காலை வேலைக்குப் போவேன். ஏர்கோனைப் போட்டு, தண்ணீர் வைத்து, வாசல் கதவைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா, காக் ரொஹானாவிடம் கொடுத்துவிட்டுப் போவேன். அவர் மதியம் ஒரு தடவை வந்து பார்ப்பார். ஒருநாள், மழையே இல்லாமல் புகைமூட்டமும் சேர்ந்திருந்த சமயம், நம் தாமான் முழுக்க காலையிலேயே கரண்டு போய்விட்டது. ரொஹானா குளுவாங்கில் ஒரு சாவு வீட்டுக்குப் போயிருந்தார். சாவி அவருடைய பையில் இருந்தது. அவருக்கும் கரண்டு போனது தெரியாது, எனக்கும் தெரியாது. நான் ஃபேக்டரியில் குளிர்ந்த ஹாலில் நின்று அடுத்தவர் வீட்டுக்கு ஏர்கோன் செய்துகொண்டிருந்தேன்.

மத்தியானம் ரொஹானா திரும்பி வந்தபோது நம் பக்கத்துச் சுவரில் 'டொக் டொக்' என்று சத்தம் கேட்டிருக்கிறது. உன் அப்பா இடது கையில் பிளாஸ்டிக் குவளையை வைத்துத் தட்டியிருக்கிறார். எவ்வளவு நேரமாகத் தட்டினார் என்று யாருக்கும் தெரியாது. ரொஹானா பையைத் துழாவியிருக்கிறார், பதற்றத்தில் சாவி அகப்படவில்லை. ஓடிப்போய் சம்பல் இடிக்கிற கல் உலக்கையை எடுத்துவந்து முன் ஜன்னல் கண்ணாடியை உடைத்திருக்கிறார். நான் பெருமையாகப் போட்ட கண்ணாடி. உள்ளே கை வைக்க முடியவில்லையாம், அடுப்பைத் திறந்த மாதிரி சூடு அடித்ததாம். உள்ளே ஏறிக் கதவைத் திறந்து, அவரைப் படுக்கை விரிப்போடு இழுத்துவந்தார். நம் வாசல் சிமெண்டில் போட முடியவில்லை, அதுவும் கொதித்தது. தன் வீட்டு முன்னால் இருந்த மாமரத்தடிக்கு இழுத்துப்போய்த் தண்ணீர் ஊற்றினார். நான் குளுவாங் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் உடம்பு முழுக்க ஈரத்துணி. டாக்டர் என்னிடம் ஒன்றுதான் கேட்டார். "வீட்டுல ஜன்னல் இல்லையா?"

உனக்குப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. "அப்பாவுக்குச் சின்ன மயக்கம்யா, சாப்பிடாம இருந்துட்டாரு, இப்ப பரவால்ல" என்று போனில் சொன்னேன். அது பொய். அவர் பிழைத்து வந்து இரண்டு வருஷம் இருந்தார், அவர் போனது இதனால் இல்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு அவர் பேச்சு இன்னும் குழறிப்போனது. அந்தக் குறையையும் வாதத்தின் மேல் போட்டு உன்னிடம் சொன்னேன். இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. உடைந்த கண்ணாடிக்குப் பதிலாக அதே மாதிரித் திறக்க முடியாத கண்ணாடியையே திரும்பப் போட்டேன். வேலையை நிறுத்திவிட்டு அவர் கூடவே இருந்தேன், சரி. ஆனால் அடைத்த ஓட்டைகளைத் திறக்கவில்லை. திறந்தால், அடைத்தது தப்பு என்று ஊருக்குத் தெரியும். உன் அப்பா அந்தக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். ஒரு வார்த்தை என்னைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் எதையாவது பதிலுக்குச் சொல்லித் தப்பித்திருப்பேன்.

இப்போது தெரிகிறதா, உன் டேப்லட்டில் அந்தத் திறக்காத கண்ணாடியைப் பார்த்ததும் நான் ஏன் தாளைத் திருப்பிக் கொடுத்தேன் என்று? உன் வீட்டில் கூரை மேலேயே கரண்டு வரும் என்பாய். ஊர்க் கரண்டு போனால் அந்தத் தகடும் கூடவே நின்றுவிடும், பேட்டரியும் அதற்கான சாமான்களும் தனியாக வைத்தால்தான் ஓடும் என்று நானும் விசாரித்தேன். உன் திட்டத்தில் பேட்டரி இல்லை. விலை அதிகம் என்று விட்டிருந்தாய். முப்பது வருஷக் கடன் வாங்கி, உறுதியாக நிற்கிற சுவரை இடித்து, கரண்டு இல்லாவிட்டால் உட்கார முடியாத ஒரு வீட்டைக் கட்டி, அதற்குப் பசுமை வீடு என்று பெயர் வைப்பதா? முடியாது. இந்தச் சுவருக்கான செங்கல் எரிந்த புகை நீ பால்குடி மறந்த காலத்திலேயே போய்விட்டது. இடித்தால் அது திரும்பி வரப்போவதில்லை, இன்னொரு சூளை எரியும். இதில் எனக்குப் புரியாதது எது என்று நீ வந்து சொல்.

நீ கோபித்துக்கொண்டு போன மறுவாரமே நான் வேலையைத் தொடங்கினேன். முதலில் தப்பாகத்தான் தொடங்கினேன், அதையும் எழுதுகிறேன். உன் மேல் இருந்த ரோஷத்தில், செலவே இல்லாமல் செய்து காட்டுகிறேன் என்று கிளம்பினேன். கடையில் இருந்ததிலேயே மலிவான வெள்ளைச் சாயத்தை வாங்கிக் கூரை ஓட்டுக்கு அடிக்கச் சொன்னேன். ஓட்டைக் கழுவக்கூட இல்லை. மெல்லிய அலுமினியத் தாளை சீலிங் மேல் நானே ஏணி வைத்து விரித்தேன். இரண்டாவது மழைக்கே சாயம் உரிந்து, வெள்ளையாக ஓடி ரொஹானா வீட்டுச் சாக்கடையை அடைத்தது. அவர் வாசலில் நின்று, "அலமாக், உன் வீடு பால் கறக்குது" என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். சிரித்துவிட்டு, தானே குச்சியை எடுத்துவந்து அடைப்பைக் குத்தினார். அலுமினியத் தாள் மேல் மூன்று வாரத்துக்குள்ளேயே தூசி படிந்துவிட்டது, பளபளப்பும் போச்சு, வேலையும் போச்சு. வாங்கியது வீண், ஏற்றிவந்த லோரி எண்ணெய் வீண், தூக்கி எறிந்த குப்பை மிச்சம். விலை குறைந்ததே வீட்டுக்கும் பூமிக்கும் நல்லது என்று நினைத்தது என் முட்டாள்தனம். உன் திட்டத்தில் செலவு மலைமாதிரி, என் திட்டத்தில் செலவே இல்லை, இரண்டும் ஒரே மாதிரித் தப்பு.

அப்புறம்தான் மணியம் அண்ணனைக் கூப்பிட்டேன், நம் தாமானில் சுவர், கூரை வேலை செய்கிறவர். அவர் ஒரு மத்தியானம் முழுக்க எதையும் தொடாமல் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். சீலிங் பலகையைத் திறந்து தலையை உள்ளே விட்டவர் உடனே வெளியே எடுத்தார். "சூடு எல்லாம் மேலருந்துதாம்மா வருது. சுவத்துல ஒண்ணும் இல்ல. கூரையப் புடிச்சா போதும், காசும் அடக்கமா முடியும்" என்றார். சொன்னபடியே செய்தார். சீலிங் மேல் கனமான கல்பஞ்சு, அதுதான் ராக்வூல் என்கிறார்களே, அதை விரித்தார். கூரை உச்சியில் காற்றில் சுற்றுகிற உருண்டை ஒன்றை வைத்துச் சூட்டுக்கு வழி விட்டார். ஓட்டைக் கழுவிக் காயவைத்து, கூரைக்கென்றே விற்கிற வெள்ளைச் சாயத்தை இரண்டு தரம் அடித்தார். மேற்கு வெயில் விழுகிற முன்பக்கத்தில் பிளாஸ்டிக் கூரையைக் கழற்றி மூங்கில் திரை தொங்கவிட்டோம், பாதிச் சிமெண்டைப் பெயர்த்து மண்ணாக்கினோம். ஜன்னல்களுக்குப் பழையபடி பட்டைக் கண்ணாடி, பழைய சாமான் கடையில் வாங்கியது. கடைசியாக அந்தக் கல் ஓட்டைகள். உன் அப்பா பூசிய பூச்சை மணியம் அண்ணன் உளியால் தட்டினார். முதல் ஓட்டை திறந்ததும் நான் பின்பக்கம் போய்விட்டேன். அழுதேன் என்று எழுத வெட்கமில்லை. வந்து பார்த்தபோது இரண்டு வரிசையும் திறந்து, கொசுவலை அடித்து முடித்திருந்தார்.

பழைய ஏர்கோன் இரண்டையும் கழற்றிவிட்டு, என் அறைக்கு மட்டும் குறைவாகக் கரண்டு இழுக்கிற புதியது ஒன்று போதும் என்று முடிவு செய்தேன். கழற்ற வந்த ஆள் வாயுவைத் திறந்துவிட நேராகப் போய்க் குழாயில் திருகுசாவியை மாட்டினான். "நில்லு. வாயுவ சிலிண்டர்ல புடிக்கிற மெஷின் எங்க?" என்று கேட்டேன். "அது கடையில இருக்கு ஆன்ட்டி. இதுல கொஞ்சம்தான் லா இருக்கு. யாரும் கேக்க மாட்டாங்க" என்றான். "நான் கேக்குறேன்ல?" என்றேன். "இன்னொரு நா வரணும் ஆன்ட்டி, அதுக்குத் தனி காசு ஆவும்." "ஆவட்டும். இன்னொரு நாளைக்கு வா." அவன் முணுமுணுத்துக்கொண்டே போனான். மூன்று நாள் கழித்து மெஷினோடு வந்தான். இரண்டு பெட்டியும் காலியாகும் வரை நான் வெயிலில் பக்கத்திலேயே நின்றேன். 'உஸ்' என்ற சத்தம் வரவில்லை. நான் ஆயிரம் பெட்டியைத் திறந்துவிட்டவள், இரண்டைப் பிடித்ததால் எதுவும் நேராகிவிடாது. தெரிந்த பிறகும் மூன்றாவது ஆளாக நின்று வேடிக்கை பார்க்கக் கூடாது என்றுதான் நின்றேன்.

போன மாதம் தர்ஷினி வந்தாள். உன்னிடம் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும், நான்தான் சொல்ல வேண்டாம் என்றேன். அவளைத் திட்டாதே. உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிற பெண், நீயும் நானும் பேசாமல் இருப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவளால் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு வந்தாள். "அத்தை, அவரு சொல்றத கேட்டேன். நீங்க சொல்றதையும் கேக்கணும்ல" என்றாள். மெயின் சுவிட்சை அணைத்தேன். காற்றாடியும் நின்றது. "ரெண்டு மணி நேரம் உக்காருமா. தாங்கலன்னா சொல்லு, போட்டுர்றேன்" என்றேன். வெளியே தார் ரோடு மினுமினுத்துக்கொண்டிருந்தது. குளிர்ந்தது என்று நான் சொல்ல மாட்டேன், வேர்க்கத்தான் செய்தது. ஆனால் மேலே சூடு போக வழி இருந்தது, கீழே காற்று வர வழி இருந்தது. முதல் அரைமணி தாளால் விசிறிக்கொண்டு கல்யாணப் புடவையைப் பற்றிப் பேசினாள். அப்புறம் பேச்சு குறைந்தது. திரும்பிப் பார்த்தால் நாற்காலியிலேயே சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள். ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்த்துவிட்டு வந்த பெண் பாவம். மூன்றரை மணிக்கு நான்தான் எழுப்பினேன்.

தேத்தண்ணி குடிக்கும்போது உன் அப்பாவின் அந்த மத்தியானத்தை அவளிடம் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை, தாதியாயிற்றே, பயப்பட மாட்டாள் என்று நினைத்தேனோ என்னவோ. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆறுதல் சொல்லவில்லை. "அத்தை, இத நீங்க அவருகிட்ட சொல்லியே ஆவணும். இது தெரியாம அவரு உங்ககூட சண்ட போடுறாரு. அது நியாயமே இல்ல" என்றாள். உனக்குப் புரியவில்லை, புரியவில்லை என்று நான் கோபித்துக்கொண்டிருந்தேன், புரிய வேண்டியதை நானே ஒளித்து வைத்துக்கொண்டு. வயதில் பாதிகூட இல்லாத பெண் அதை நேராகச் சொன்னாள். நீ நல்ல பெண்ணாகத்தான் பார்த்திருக்கிறாய். அவள் உன்னிடம் கேள்வி கேட்கும்போது, தயவுசெய்து "உனக்குப் புரியாது" என்று மட்டும் சொல்லிவிடாதே. என்னிடம் சொன்னாய், நான் பெற்றவள், இரண்டரை மாதத்தில் கடிதம் எழுதிவிட்டேன். எல்லோரும் எழுதமாட்டார்கள்.

நீ சொன்னதில் சரி எது என்றும் யோசித்தேன். சூரிய மின்தகடு சரி. மணியம் அண்ணன் கூரை மரத்தைத் தட்டிப் பார்த்துத் தாங்கும் என்கிறார். முழுக் கூரைக்கும் வேண்டாம், பகலில் நான் இழுக்கிற கரண்டுக்குப் போதுமான அளவு போடு. எத்தனை தகடு என்பது உன் வேலை, அதில் நான் வாய் திறக்க மாட்டேன். இனிமேல் வெயில் இன்னும் கூடும், வயதான உடம்பு தாங்காது, ஓர் ஏர்கோனாவது வேண்டும் என்றாய். அதுவும் சரி, வைத்திருக்கிறேன். பில்லு சைபர் ஆகவில்லை, ஆனால் முன்பு வந்ததைவிட நன்றாகவே குறைந்திருக்கிறது. நீயும் தர்ஷினியும் வந்து தங்க, பிள்ளை பிறந்தால் இருக்க, இடம் போதாது என்றால் பின்பக்கம் ஓர் அறை இழுத்துக் கட்டலாம். அப்போது கையெழுத்துப் போடுகிறேன். மாடி கிடையாது. இடிப்பது கிடையாது.

போன செவ்வாய்க்கிழமை உன் காண்ட்ராக்டர் முரளி வந்தான். நான் முடியாது என்று சொன்ன பிறகும் நீ அவனை அளக்க அனுப்பியிருக்கிறாய். உள்ளே வந்ததும் சாக்பீஸால் ஹால் சுவரில் கோடு போட்டான். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஈரத்துணியால் துடைத்தேன். இன்னொரு கோடு போட்டான், அதையும் துடைத்தேன். "அக்கா, கதிர் சொன்னதத்தான் செய்யுறேன்" என்றான். "கதிர் சொன்னத கதிர் வீட்டுல போயி செய்யி. இது என் வீடு" என்றேன். பாவம், வெயிலில் வந்தவன், உட்காரச் சொல்லித் தேத்தண்ணி கொடுத்தேன். உட்கார்ந்தவன் அண்ணாந்து பார்த்தான். ஏர்கோனைத் தேடினான், ஹாலில் இல்லை. "மேல என்னக்கா போட்டிருக்கீங்க?" என்று கேட்டான். சொன்னேன். பொந்தியானில் அவனுடைய அம்மா தனியாக இருக்கிறார்களாம், மத்தியானத்தில் வீட்டுக்குள் இருக்க முடியாமல் கோயிலில் போய் உட்கார்ந்திருக்கிறார்களாம். போகும்போது மணியம் அண்ணனின் போன் நம்பரை வாங்கிக்கொண்டு போனான். அவன் வேலையைக் கெடுத்துவிட்டேன் என்று என் மேல் வருத்தப்பட்டானா என்றால், எனக்கு அப்படித் தெரியவில்லை.

கல்யாணத்துக்குப் பெண் வீட்டுச் சொந்தக்காரர்கள் சிகாமட்டிலிருந்து வந்து இந்த வீட்டில்தான் இறங்குவார்கள். ஒற்றை மாடி, பழைய சாமான் கடை ஜன்னல், வாசலில் பாதி மண். உனக்குக் கூச்சமாக இருந்தால் இருக்கட்டும். எனக்கு இல்லை. அவர்கள் கேட்டால் ஒவ்வொன்றையும் ஏன் செய்தேன் என்று நானே சொல்லிக்கொள்கிறேன்.

உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. உன் அப்பாவுக்கு அன்று என்ன நடந்தது என்று உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். உன் பரீட்சை முடிந்த பிறகாவது, அவரைத் தூக்கிக்கொண்டு போன அன்றாவது சொல்லியிருக்க வேண்டும். அவர் எப்படித் தட்டித் தட்டிக் கூப்பிட்டார் என்று தெரிந்துகொள்ள உனக்கு உரிமை உண்டு. அதை நான் எடுத்துக்கொண்டேன். அதற்கு மன்னித்துக்கொள், ஐயா. வீட்டு விஷயத்துக்காக மன்னிப்புக் கேட்பேன் என்று எதிர்பார்க்காதே. அதற்குக் கேட்க மாட்டேன்.

படித்து முடித்ததும் போன் செய்ய வேண்டாம், நேரில் வா. சூடு அளக்கிற கருவி, ஈரம் அளக்கிற கருவி, கரண்டு அளக்கிற கருவி, உன் ஆபீசில் இருக்கிற எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வா. நான் சொன்னதில் எங்கே பிழை என்று அளந்து காட்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மத்தியானம் இரண்டு மணிக்கு வா. காலையில் வந்து அளந்துவிட்டு என்னைப் பாராட்டிவிட்டுப் போகாதே.

அம்மா